ஃபெரிட்டின்: குதிரா, மணல் வாளியா?

வாசகர் கேள்வி | 12 மார்ச் 2024

பாடப்புத்தகத்தில் ஃபெரிட்டின் என்றால் ‘இரும்பைச் சேமிக்கும் புரதம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படியானால் அந்த மரபணுவை நீக்கிய செடியின் விதையில் இரும்பு குறைந்துபோக வேண்டும். குறையவில்லை என்று எங்கள் ஆசிரியை சொல்கிறார். புத்தகம் தவறா, ஆசிரியை தவறா?

12 மார்ச், இரவு

உங்கள் ஆசிரியை சொல்வதுதான் சரி. ஆனால் எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது அராபிடாப்சிஸ், கடுகுக் குடும்பத்துச் சிறு செடி.

ஃபெரிட்டின் உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பந்து. 24 துண்டுகள் சேர்ந்து ஓடாக நிற்கின்றன. உள்ளே 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். செடிகளில் இது பெரும்பாலும் பசுங்கணிகம் போன்ற கணிகங்களுக்குள் இருக்கிறது, கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியாவிலும். அராபிடாப்சிஸில் இதற்கு நான்கு மரபணுக்கள். ஃபெர்-1, ஃபெர்-3, ஃபெர்-4 மூன்றும் இலையிலும் பூவிலும் வேலை செய்கின்றன. ஃபெர்-2 விதைக்கு உரியது.

பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்கள் 2009இல் ஃபெர்-2 இல்லாத செடியை வளர்த்து விதையை அளந்தார்கள். மொத்த இரும்பு குறையவில்லை. அராபிடாப்சிஸ் விதையில் ஃபெரிட்டினுக்குள் இருப்பது மொத்த இரும்பில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி வாக்குவோல் என்ற, செல்லுக்குள் உள்ள சேமிப்புப் பைக்குள் கிடக்கிறது. அதை அங்கே ஏற்றுகிற விஐடி-1 என்ற கடத்திப் புரதத்தை 2006இலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு நெற்குதிர் இருந்த காலத்தை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஃபெரிட்டினைக் குதிர் என்று நினைத்தால் இந்த 5 சதவீதம் புரியாது. பழைய திரையரங்குகளின் சுவரில் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த வாளி என்று நினைத்துப் பாருங்கள். மணலைச் சேமிப்பது அதன் நோக்கம் கிடையாது. தீப்பிடித்தால் தேவைப்படும்.

13 மார்ச், காலை

தீ எங்கிருந்து வருகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இரும்பிலிருந்தேதான். இரண்டு மின்சுமை கொண்ட தனி இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்தித்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கும். ஃபென்டன் 1894இல் எழுதிய வினையோடு தொடர்புடையது இது. அந்தத் தனியுறுப்பு சவ்வு, புரதம், மரபணுப் பொருள் என்று கைக்குக் கிடைத்ததைச் சிதைக்கும். பசுங்கணிகத்தில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது பெராக்சைடு ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. இலையின் இரும்பில் பெரும்பங்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஃபெரிட்டின் இரும்பை ஆக்சிஜனேற்றி மூன்று மின்சுமை நிலைக்குக் கொண்டுபோய் ஓட்டுக்குள் பூட்டுகிறது.

பல்லடம் பக்கம் என் சித்தப்பாவின் நிலம் சுண்ணாம்பு மண். நிலக்கடலை முளைத்து மூன்றாவது வாரம் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. அந்தக் காரமண்ணில் அது கரைவதில்லை, வேருக்குக் கிடைப்பதில்லை. அதற்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துத் தெளிப்பார்கள். ஒருமுறை அளவு பாராமல் அள்ளிப் போட்டு, உச்சிவெயிலில் தெளித்துவிட்டார். மறுநாள் காலையில் இலைகளில் ஊசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள், ஓரம் கருகல். “பசிக்குச் சோறு கேட்டவனுக்குக் கொள்ளிக்கட்டையைக் கொடுத்துவிட்டேனே” என்று வரப்பில் உட்கார்ந்து புலம்பினார். பசியிலிருந்த இலை தன் ஃபெரிட்டின் மரபணுக்களை மூடி வைத்திருந்திருக்கும். திறந்து, படியெடுத்து, புரதம் செய்து முடிக்கச் சில மணி நேரமாவது ஆகும். வெயில் அதுவரை காத்திருக்காது. உப்பின் செறிவும் கருக்கியிருக்கும்தான். ஆனாலும் அந்தப் புள்ளிகளை இன்று வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

13 மார்ச், மாலை

மோன்பெலியே ஆய்வின் இன்னொரு பாதியை விட்டுவிட்டேன். ஃபெர்-1, 3, 4 மூன்றும் இல்லாத செடி சாதாரண மண்ணில் நன்றாகவே வளர்ந்தது. இரும்பு கலந்த நீரை ஊற்றியபோது இலை வளர்ச்சி குன்றியது, பூக்களின் கருவுறும் திறன் சரிந்தது. ஃபெர்-2 இல்லாத விதைகள், ஆக்சிஜனேற்ற நெருக்கடி தரும் வேதிப்பொருளில் முளைக்க வைத்தபோது அதிகம் பாதிக்கப்பட்டன. மணல் வாளிக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை என்று நேற்று நினைத்தேன்.

15 மார்ச்

திருத்தம். ‘குதிர் இல்லை’ என்று பொதுவாக எழுதியது தவறு.

பட்டாணியில் கதை வேறு. பட்டாணியின் கருவில் உள்ள இரும்பில் 92 சதவீதம் வரை ஃபெரிட்டினுக்குள் இருப்பதாக 1998இல் அளந்திருக்கிறார்கள். அது குதிர்தான், சந்தேகமில்லை. செடிகளின் ஃபெரிட்டினுக்கு ‘பைட்டோஃபெரிட்டின்’ என்று பெயர் வந்ததே 1963இல் பட்டாணிக் கருவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான். கடுகுச் சாதிச் செடியை வைத்துப் பயறுச் சாதிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய வேளாண் கல்லூரி மாணவிக்கு நன்றி.

பட்டாணியில் 1991இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணில்லாமல் நீர்க்கரைசலில், இரும்பு குறையாமல் கொடுத்து வளர்த்தார்கள். வேரிலும் இலையிலும் ஃபெரிட்டின் தென்படவே இல்லை. பூவிலும் காயிலும் தென்பட்டது. விதையில் குவிந்தது. அதாவது, எல்லா உறுப்புக்கும் இரும்பு தாராளமாகக் கிடைத்தும், எந்த உறுப்பு எந்தப் பருவத்தில் ஃபெரிட்டின் வைத்திருக்கும் என்பது தனிக் கணக்காக நடந்தது. முளைக்கும்போது முளைவேரும் தண்டும் வளரும் முதல் 4 நாட்களில் கரு அச்சிலிருந்து ஃபெரிட்டின் மறைந்துவிட்டது. விதையிலைகளில் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைந்தது. இரும்பு வெளியேறும்போது பிறக்கும் தனியுறுப்புகளே ஓட்டைச் சிதைக்கின்றன என்பதை அதே குழுவினர் முன்பே சோதனைக் குழாயில் காட்டியிருந்தார்கள். நெற்குதிரை உடைத்துத்தான் நெல்லை எடுக்க முடியும் என்ற நிலை.

16 மார்ச்

மருத்துவ மாணவர் ஒருவர், “எங்கள் பாடத்தில் ஐஆர்பி என்ற புரதம் ஃபெரிட்டினின் செய்தி ஆர்என்ஏவின் தலையில் உட்கார்ந்து தடுக்கும் என்று இருக்கிறது, செடியிலும் அதேதானா?” என்று கேட்கிறார்.

இல்லை. ஃபெரிட்டினை முதலில் படிகமாக்கியது 1937இல், குதிரையின் மண்ணீரலிலிருந்து. புரதம் விலங்குக்கும் செடிக்கும் உறவுதான். ஆனால் கட்டுப்பாட்டை இரு தரப்பும் வெவ்வேறு படியில் வைத்திருக்கின்றன. விலங்கில் செய்தி ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்யப் பயன்படும் மரபணுப் படி, முன்கூட்டியே தயாராக இருக்கும், இரும்பு குறைந்தால் ஐஆர்பி அதைப் பிடித்துக்கொண்டு புரதம் ஆகவிடாது. செடியில் செய்தி ஆர்என்ஏ உருவாவதே தடுக்கப்படுகிறது. சோயா செல்களில் 1991இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஐஆர்பிக்கு உறவான அகோனிடேஸ் நொதி செடியிலும் இருக்கிறதே என்று சிலர் விடாமல் தேடினார்கள். அராபிடாப்சிஸில் அது இந்த வேலையைச் செய்யவில்லை என்பது 2007இல் தெளிவானது.

தடுக்கும் கை எது? 2001இல் ஃபெர்-1 மரபணுவின் முன்பகுதியில் ஒரு சிறு வரிசையைக் கண்டார்கள். அதைச் சிதைத்துவிட்டால் இரும்பு இல்லாதபோதும் மரபணு இயங்கத் தொடங்கிவிடுகிறது. கதவு உள்ளே தாழிட்டே இருக்கிறது, இரும்பு வந்தால் தாழ் விலகும். இரும்பு உள்ளே வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு எழுகிறது, தாழாக இருந்த புரதம் செல்லின் புரதச் சிதைப்பு அமைப்புக்கு அனுப்பப்படுகிறது என்று படம் விரிந்தது.

2019இல் இன்னொரு தாழ் தெரிந்தது. ஐஎல்ஆர்-3 என்ற படியெடுத்தல் காரணி, அதாவது மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதம். இது சில கூட்டாளிகளோடு சேர்ந்தால் இரும்புப் பசிக்கான மரபணுக்களைத் தூண்டும். பாப்பாய் என்ற இன்னொரு காரணியோடு சேர்ந்தால் ஃபெர்-1, 3, 4 மூன்றையும் அடக்கும். ஒரே கை, ஒரு பக்கம் பிச்சைப் பாத்திரத்தை நீட்டுகிறது, மறுபக்கம் குதிரின் கதவைச் சாத்துகிறது. பசியோடு இருக்கும் வீட்டில் புதுக் குதிர் கட்ட மாட்டார்கள் அல்லவா? பாப்பாய் யார் என்று தெரியாதவர்களுக்கு: கீரை தின்றதும் புஜம் வீங்கும் கேலிச்சித்திர மாலுமி. இரும்பு மரபணுவுக்கு 2010இல் அவன் பெயரை வைத்தவர்களை வாழ்த்துகிறேன். அதே கட்டுரையில் புரூட்டஸும் வருகிறான். ஐஎல்ஆர்-3 உள்ளிட்ட பசிக் காரணிகளைச் சிதைக்க அனுப்பும் புரதம் அது.

16 மார்ச், பின்னிரவு

விதையின் ஃபெர்-2 இந்தத் தாழுக்குக் கட்டுப்பட்டதன்று. அப்சிசிக் அமிலம் சொன்னால் திறக்கிறது. விதை முற்றி உலரும் பருவத்தின் ஹார்மோன் அது. மக்காச்சோளத்திலும் இப்படியே பங்கு பிரித்திருக்கிறார்கள்: ஒரு மரபணு இரும்புக்குச் செவி சாய்க்கும், மற்றொன்று அப்சிசிக் அமிலத்துக்கு. நெருக்கடிக்கு ஒரு வாசல், வளர்ச்சிப் பருவத்துக்கு ஒரு வாசல். குதிரா வாளியா என்று நான் கேட்டதே சரியான கேள்விதானா என்று இப்போது தோன்றுகிறது. எந்த மரபணு, எந்த அழைப்புக்குத் திறக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

19 மார்ச்

சொந்த அனுபவம் ஒன்று. ஆய்வு மாணவப் பருவத்தில் அராபிடாப்சிஸ் நாற்றுகளுக்கு இரும்பு கொடுத்து ஃபெர்-1 செய்தி ஆர்என்ஏவை அளந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஏழு மடங்கு, வியாழக்கிழமை மூன்று மடங்கு. அதே விதை, அதே கரைசல், அதே கை. இரண்டு மாதம் கரைசலைச் சந்தேகித்தேன், பிறகு குழாய்த் தண்ணீரை, பிறகு என் கையை. குறிப்பேட்டை ஒரு ராத்திரி முதலிலிருந்து புரட்டினேன். திங்கட்கிழமைகளில் காலையில் இலை பறித்திருக்கிறேன். வியாழக்கிழமைகளில் பாடம் எடுக்கும் பொறுப்பு இருந்ததால் மாலை ஐந்து மணிக்கு மேல்.

ஃபெர்-1 நாள் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டது என்று 2009இல் வந்த கட்டுரையை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தக் கடிகாரத்தோடு பிணைந்த, ஃபெர்-1ஐ அடக்கும் புரதத்தின் பெயர் ‘டைம் ஃபார் காபி’. அது இல்லாத செடியில் ஃபெர்-1 அடங்காமல் மேலெழுகிறது. கட்டுரையைப் படித்து முடித்தபோது விடியற்காலை நான்கு மணி. விடுதிச் சமையலறைக்குப் போய் உண்மையாகவே காபி போட்டுக் குடித்தேன்.

இரும்பு மரபணு எதையும் அளப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: மாதிரி எடுத்த மணியைக் குறித்து வையுங்கள். தேதியை மட்டும் எழுதினால் போதாது.

22 மார்ச்

“இரும்பு, கடிகாரம், அப்சிசிக் அமிலம் தவிர வேறு ஏதாவது உண்டா?” உண்டு. பாஸ்பேட். 2013இல் வந்தது. மணிச்சத்துப் பற்றாக்குறையில் ஃபெர்-1 உயர்கிறது, அதுவும் இரும்பின் அளவைச் சாராமல், முன்பகுதியில் வேறொரு வரிசை வழியாக. பாஸ்பேட் பசியின் தலைமைக் காரணியான பிஎச்ஆர்-1 நேரே வந்து அதில் அமர்கிறது. செடி ஃபெரிட்டினின் ஓட்டுக்குள் இருக்கும் இரும்புத் திரளில் விலங்கினுடையதைவிடப் பாஸ்பேட் மிக அதிகம் என்பதையும், பாஸ்பேட் இரும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாஸ்பேட் குறைந்தால் கட்டவிழ்ந்த இரும்பு கூடும். தீ பிடிக்கும் முன்பே வாளியைக் கீழே இறக்கி வைக்கிறது செடி என்பது என் ஊகம்.

நோய்க்கும் பங்கு உண்டு. அழுகல் நோய் தரும் ஒரு பாக்டீரியா, இரும்பைக் கவரும் மூலக்கூறை வீசி இலையிலிருந்து இரும்பைத் திருடுகிறது. அது தாக்கும்போது ஃபெர்-1 உயர்கிறது. ஃபெர்-1 இல்லாத செடி அதிகம் நோய்ப்படுகிறது.

27 மார்ச்

“அப்படியானால் ஃபெரிட்டினைப் பத்து மடங்காக்கிவிட்டால் இரத்தசோகைக்கு மருந்து ஆகுமே!” இந்த ஆசை எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. தீட்டிய அரிசியில் கிராமுக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம்தான் இரும்பு. அதை மூன்று வேளையும் உண்ணும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜப்பானில் 1999இல் சோயா ஃபெரிட்டின் மரபணுவை நெல் விதையில் இயங்க வைத்தார்கள். இரும்பு மூன்று மடங்கு வரை உயர்ந்தது. அப்படியே ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நம்பினோம். 2005இல் அதே வழியில் ஃபெரிட்டினை இன்னும் வெகுவாகக் கூட்டினார்கள். விதை இரும்பு அதே வீதத்தில் கூடவில்லை, இலையின் இரும்போ பாதிக்கும் கீழே போனது. நெற்குதிரைப் பெரிதாகக் கட்டினால் மட்டும் நெல் வந்துவிடாது, வண்டி வேண்டும். புகையிலையில் ஃபெரிட்டினை அதிகப்படுத்தியவர்கள் 1999இல் இதைவிடக் கூர்மையான ஒன்றைக் கண்டார்கள்: இலைக்குள் இரும்பு இருந்தும் பூட்டப்பட்டிருந்ததால், செடி தனக்குப் பசி என்று எண்ணி வேரில் இரும்பு தேடும் வேலையை முடுக்கிவிட்டது.

பிலிப்பைன்சிலிருந்து 2016இல் வந்த நெல்லில் வண்டியும் சேர்ந்தது. இரும்பைச் சுமந்து செல்ல உதவும் நிக்கோஷியனமீனைக் கூடுதலாக உருவாக்கும் நெல்லின் சொந்த மரபணு ஒன்றும் சோயா ஃபெரிட்டினும் ஒன்றாக. வயலில் விளைந்து தீட்டிய அரிசியில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம். இந்த எண்ணைப் பார்த்த அன்று வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்.

30 மார்ச்

இலங்கையிலிருந்து எழுதியவருக்கு: நெல் இலையில் நீங்கள் சொல்லும் பழுப்புப் புள்ளி, தாழ்ந்த சேற்று வயலில் இரும்பு மிகுந்து வருவதுதான். வெள்ளத்தில் ஆக்சிஜன் இல்லாத மண்ணில் இரும்பு கரையும் நிலைக்கு மாறி வேருக்குள் பாய்கிறது. இந்த நோய்க்குக் காரணம் இரும்பு நச்சு என்று 1955இல் எழுதியவர்களில் முதல் பெயர் உங்கள் நாட்டு பொன்னம்பெருமா. நெல்லுக்கு இரண்டு ஃபெரிட்டின் மரபணுக்கள். இரும்பு மிகும்போது அதிகம் எழுவது இரண்டாவது.

எங்கள் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. சென்னையின் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டல் மரத்தின் ஃபெரிட்டின் மரபணுவைப் பிரித்தெடுத்து, உப்பு, இரும்பு முதலிய நெருக்கடிகளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று 2006இல் வெளியிட்டார்கள். பிச்சாவரம் போகிறவர்கள் படகிலிருந்து அந்த மரத்தின் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உப்பு பொரிந்திருக்கும்.

7 ஏப்ரல்

கடுகும் பட்டாணியும் போதும், நம் வீட்டுப் பாசிப்பயறு என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் மூன்று மாணவிகள் சேர்ந்துகொண்டார்கள். இரவு ஊறிய பயற்றின் தோலை உரித்து, சவர பிளேடால் நெடுக்கே சீவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் கலந்த கரைசலில் அரை மணி நேரம். மூன்று மின்சுமை இரும்பு இருந்த இடத்தில் பிரஷ்யன் நீலம் எழும். ஃபெர்ரோசயனைடு இல்லாமல் வெறும் அமிலத்தில் இன்னொரு சீவல், ஒப்பிட.

வெறும் அமிலத்துச் சீவல் யானைத்தந்த நிறத்திலேயே இருந்தது. மற்றதில் விதையிலை முழுக்க வெளிர் நீலம் பரவி, கரு அச்சின் நுனியில் மட்டும் மயில்கழுத்துப் போல அடர்ந்தது. ஒரு மாணவி கண்ணை உருப்பெருக்காடியிலிருந்து எடுக்கவே இல்லை.

11 ஏப்ரல்

முளைக்க விட்டு தினமும் காலை எட்டு மணிக்குச் சீவினோம். (மணியைக் குறித்திருக்கிறோம்.) இரண்டாம் நாள் முளைவேர் நுனியில் நீலம் இன்னும் இருந்தது. மூன்றாம் நாள் திட்டுத்திட்டாக. நான்காம் நாள் அச்சில் அந்த மயில்கழுத்து நிறம் போய்விட்டது, விதையிலையில் வெளிர் நீலம் மிச்சம். பட்டாணியில் சொன்ன அதே நான்கு நாள்! என்று உற்சாகத்தில் பலகையில் எழுதிவிட்டேன்.

11 ஏப்ரல், மாலை

மாணவிகளே திருத்தினார்கள். நீலம் காட்டுவது இரும்பை, ஃபெரிட்டினை அன்று. பட்டாணியில் ஓடு மறைந்ததை ஃபெரிட்டினை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை வைத்துக் கண்டார்கள். எங்களிடம் அது கிடையாது. மேலும் அச்சு நான்கு நாளில் பத்து மடங்கு நீண்டிருக்கிறது. அதே இரும்பு நீளமான உறுப்பில் பரவினாலே நிறம் வெளிறும். எனவே நான்காம் நாள் குறிப்பை அடித்துவிட்டு, ‘நீலம் வெளிறியது, காரணம் தெரியவில்லை’ என்று மாற்றினோம். அடுத்த முறை அச்சை மட்டும் பிரித்து, எடை போட்டு, எரித்துச் சாம்பலாக்கி இரும்பை அளக்கப் போகிறோம். பயறு ஊறிக்கொண்டிருக்கிறது.